தேயிலை மலைகளில் முகம் படித்தவர்களும் படிக்கத் தவறியவர்களும்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களின் வீடுகளில் பழுப்பேறிய செய்தி நறுக்குகள் பெட்டி பெட்டியாகச் சேர்ந்திருக்கும். என்னிடமும் இரண்டு பெட்டிகள் உண்டு. அண்மையில் அவற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, 1990களின் நடுப்பகுதியில் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து நான் எழுதிய சிறிய செய்திக்கட்டுரை ஒன்று கையில் அகப்பட்டது. அடைமழையில் லயன் காம்பரா ஒன்றின் பின்சுவர் இடிந்து ஒரு சிறுவன் இறந்துபோன செய்தி அது. அவனை வளர்த்த பாட்டியை அந்த லயத்திலேயே சந்தித்துப் பேசியிருந்தேன். அவர் எனக்குச் சாயத் தண்ணி ஊற்றித் தந்தார். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெல்லிய சிரிப்புடன் பதில் சொன்னார். நானும் கண்டதைக் கண்டபடி எழுதுவதாக நினைத்துக்கொண்டு, "பேரனைப் பறிகொடுத்த துயரம் அந்த மூதாட்டியின் முகத்தில் தெரியவில்லை" என்று எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அந்தத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வயதானவர். கோபப்படவில்லை. "தம்பி, நீங்க எழுதுனத எல்லாரும் வாசிச்சோம். ஆயா சிரிச்சுச்சுன்னு எழுதிட்டீங்களே, ஒங்களுக்கு முன்னால அழுவுறதுக்கு நீங்க அதுக்கு என்ன ஒறவா?" என்று கேட்டார். நான் ஏதோ சமாதானம் சொல்ல முயன்றேன். "கொப்பியும் பேனாவுமா வந்து நின்னீங்க. கொப்பியோட வர்ற ஆளு முன்னால எங்க மூஞ்சி அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நான் தமிழன். அந்த மலைகளுக்கு நடுவே, பேராதனையில் கலைப்பட்டம் பெற்றவன். அந்தப் பாட்டியுடன் பேச எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அப்படியிருந்தும் அவருடைய முகத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரு பண்பாட்டைச் சேர்ந்தவரின் உணர்ச்சியை இன்னொரு பண்பாட்டைச் சேர்ந்தவர் எந்த அளவுக்கு அறிந்துகொள்ள முடியும் என்ற கேள்வி உளவியலாளரின் நூல்களில் நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. அக்கேள்விக்கு நமது தேயிலைத் தோட்டங்களின் வரலாறு அளிக்கும் விடையை இங்கே தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

டார்வின் அனுப்பிய கேள்விகள்

இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே இலங்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மனிதரின் முகபாவங்கள் உலகெங்கும் ஒன்றுதானா என்பதை அறிய விரும்பிய சார்ள்ஸ் டார்வின், 1867இல் ஒரு கேள்விக்கொத்தைத் தயாரித்து, பாதிரிமார், அதிகாரிகள், தோட்டக்கலைஞர்கள் எனப் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அனுப்பிவைத்தார். 1872இல் வெளிவந்த நூலில் அக்கேள்விகள் 16 அச்சிடப்பட்டுள்ளன. ஆச்சரியத்தில் கண்கள் விரிகின்றனவா, வெட்கத்தில் முகம் சிவக்கிறதா, ஆமென்பதற்குத் தலை மேலும் கீழுமாக அசைகிறதா என்று அவை போகின்றன. ஐரோப்பியருடன் அதிகம் பழகாத மக்களைப் பற்றிய அவதானங்களே பெறுமதியானவை என்றும், ஞாபகத்தை நம்பி எழுதவேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். இலங்கையிலிருந்து சில கேள்விகளுக்கு விடையனுப்பிய கிளெனி என்ற பாதிரியாருக்கு முன்னுரையில் நன்றி கூறியிருக்கிறார்.

அதே 1867ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். முகங்களைப் பற்றிய விசாரணையும், பல இலட்சம் தமிழரின் வாழ்வை நிர்ணயித்த பயிரும் இத்தீவில் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேரூன்றியிருக்கின்றன.

மனித உணர்ச்சிகளின் அடிப்படை ஒன்றே என்பது டார்வினின் முடிவு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க உளவியலாளர் போல் எக்மன், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த பப்புவா நியூகினியின் போரே மக்களிடம் முகப்படங்களைக் காட்டிச் சோதித்து, 1971இல் அதையொத்த முடிவை வெளியிட்டார். எனினும் அவரும் அவரது சகாவான பிரீசனும் செய்த இன்னொரு சோதனை நமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. மனத்தை வருத்தும் திரைப்படக் காட்சிகளைத் தனியே இருந்து பார்த்தபோது ஜப்பானிய மாணவர்களின் முகங்களும் அமெரிக்க மாணவர்களின் முகங்களும் ஒத்திருந்தன. ஆய்வாளர் ஒருவர் உடனிருந்தபோது ஜப்பானிய மாணவர்கள் தம் அருவருப்பையும் வேதனையையும் புன்னகையால் மூடிக்கொண்டனர். யார் முன்னிலையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஒவ்வொரு சமூகமும் வைத்திருக்கும் விதிகளே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர்.

2002இல் எல்பன்பைன், அம்பாடி என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை வெளிவந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தனர். தம் இனத்தவரின் உணர்ச்சியை மனிதர் கூடுதலாகச் சரியாக அறிகின்றனர் என்பது அதில் கிடைத்த முதல் முடிவு. இரண்டாவது முடிவே என்னைச் சிந்திக்க வைத்தது. பெரும்பான்மைக் குழுவினர் சிறுபான்மையினரின் முகத்தை வாசிப்பதில் பின்தங்கியிருந்தனர். சிறுபான்மையினரோ பெரும்பான்மையினரின் முகத்தை அவர்களைவிட நன்றாக வாசித்தனர். இந்த ஏற்றத்தாழ்வைத் தோட்டத்து மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவார்கள்.

மன்னரின் முகமும் துரையின் முகமும்

தமிழர் இவ்விடயத்தில் வெறுங்கையர் அல்லர். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என நான்கு நான்கு காரணங்களையும் ஆசிரியர் தந்திருக்கிறார். நகைக்குரியவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. அந்தப் பாட்டியின் சிரிப்பை இந்த நான்கில் எதில் சேர்ப்பது? எதிலும் சேராது. வெகுளிக்குரிய நான்கும் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பவை. உடலைச் சிதைத்தல், சார்ந்தோரை நலிதல், அலைத்தல், கொல்லுதல் ஆகியவற்றால் சினம் பிறக்கும் என்று பொருள். தோட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று இன்பத்துப்பாலில், காதலர் ஒருவர் கண்ணை மற்றவர் படிப்பது. மற்றது பொருட்பாலில், அரசனின் மனக்குறிப்பை அமைச்சன் முகத்தைப் பார்த்தே அறிவது. அதற்கு முந்திய அதிகாரம் மன்னரைச் சேர்ந்தொழுகல். பெரியோர் முன்னிலையில் பிறர் காதோடு பேசுவதும் பிறரோடு சேர்ந்து நகைப்பதும் ஆகா என்ற அறிவுரை அதில் வருகிறது. காதலில் குறிப்பறிதல் இருபுறமும் நிகழும். அதிகாரத்தின் முன்னே கீழிருப்பவன் மேலிருப்பவனின் முகத்தைப் படித்தாக வேண்டும். அரசனுக்கு அந்தக் கட்டாயமில்லை. வள்ளுவர் அரசவைக்குச் சொன்னது மலைநாட்டின் பெரட்டுக் களத்தில் ஒவ்வொரு விடியலிலும் நடந்தது.

துடுக்கு என்ற குற்றம்

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரத்தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயிலும் பசியிலும் வழியில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. அவ்விடத்தில் தேயிலை வந்தது. துரை, சின்னத் துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாக இறங்கும் அதிகார ஏணியின் அடியில் தொழிலாளி நின்றான்.

இந்த ஏணிக்குச் சட்டமும் காவல் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், குடிபோதை, வேண்டுமென்றே கட்டளையை மீறுதல், கடமையில் பெருங்கவனக்குறைவு ஆகியவற்றோடு துடுக்கையும் குற்றமாக்கியது. சம்பளத்தை இழப்பதோடு சிறைக்கும் போகலாம். வேலைக்கு வராமலிருந்தானா என்பதைப் பதிவேட்டைப் பார்த்து நிரூபிக்கலாம். துடுக்காக நடந்தானா என்பதை எதைப் பார்த்து நிரூபிப்பது? சொல்லின் தொனி, நின்ற நிலை, பார்த்த பார்வை. அதாவது, துரையின் கண்ணுக்கு ஒரு முகம் எப்படித் தோன்றியதோ அதுவே ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியமாக இருந்தது. இத்தகைய குற்றங்களுக்குச் சிறையிடும் ஏற்பாடு 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கியது.

இப்படியான சட்டத்தின் கீழ் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த மக்களின் முகம் என்னவாகும்? துரை எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்குவது, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவது, விரித்த குடையை மடக்குவது, நிமிர்ந்து கண்ணைப் பாராதிருப்பது ஆகியவற்றை மலையகத்து முதியவர்கள் பலர் எனக்கு விவரித்திருக்கிறார்கள். ஏச்சு விழும்போது முகத்தில் கோபமும் தெரியக்கூடாது, அழுகையும் தெரியக்கூடாது. கோபம் தெரிந்தால் துடுக்கு. அழுதால் பாசாங்கு. மிஞ்சியது ஒரு மெல்லிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை, கேலி இல்லை, சம்மதமும் இல்லை. "என்னால் உங்களுக்கு ஆபத்தில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்பதே அதன் பொருள். சட்டம் போன பின்னரும் பழக்கம் போகவில்லை. பாட்டியிடமிருந்து பேத்திக்கு அது கைமாறியது.

மறுபுறத்தில் தொழிலாளர் துரையை எவ்வளவு நுணுக்கமாகப் படித்திருந்தார்கள்! ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி ஒருவர் சொன்னார்: துரை பெரட்டுக் களத்துக்கு வரும்போது தொப்பி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைக் கொண்டே அன்றைக்கு நிறுவையில் தகராறு வருமா, அரைப் பேரோடு அனுப்புவார்களா என்று பெண்கள் தமக்குள் கணித்துக்கொள்வார்களாம். ஒருநாட் கூலியே "பேர்" என்று அழைக்கப்படும் இடத்தில் அந்தக் கணிப்பு தவறினால் அடுப்பெரியாது.

துரைமார் தொழிலாளரைப் படிக்க வைத்திருந்த கருவி எது? சின்னத் துரையாக வருபவர் தமிழ் கற்கவேண்டும் என்ற நடைமுறை இருந்தது. அவர்களுக்காக ஏ. எம். பெர்குசன் தொகுத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்த கையடக்க நூலின் பெயரே "இங்கே வா" என்பதுதான். 1915இல் வெல்ஸ் என்பவரின் "கூலித் தமிழ்" வந்தது. தாய் பிள்ளையைப் பார்த்து "இங்கே வா" என்றால் அதில் அன்பிருக்கும். இருபது வயதுச் சின்னத் துரை அறுபது வயதுப் பெரியவரைப் பார்த்துச் சொன்னால் அதே சொல்லின் பொருள் வேறு. தமிழில் "வா"வுக்கும் "வாங்க"வுக்கும் இடையே இருக்கும் தூரத்தை அறியாதவர், தாம் பேசியதும் எதிரே நின்றவரின் முகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை எவ்வாறு அறிந்திருப்பார்?

அமைதியைத் திருப்தி என்று வாசித்தபோது

இத்தகைய வாசிப்புப் பிழைக்கு விலை உண்டு. 1936இல் மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளருடன் நெருங்கிப் பழகியதால் வேலையை இழந்தார். லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் தோன்றினார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டியில் கூடிய பெருங்கூட்டத்தில் அவர் தோட்டங்களின் நிலையைப் பேசியதும், தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார், பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு வெள்ளையர் லயத்து மக்களின் முகத்தை ஏறெடுத்துப் பார்த்ததே அன்றைய அரசாங்கத்தை இவ்வளவு கலங்க வைத்தது.

1939–40இல் மலைநாடு வேலைநிறுத்தங்களால் அதிர்ந்தது. ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் நாட்கூலியில் 16 சதம் உயர்வு கேட்டனர். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகியாக அவர் நினைவுகூரப்படுகிறார். இக்கொந்தளிப்புக்குத் தோட்ட முதலாளிமார் கூறிய காரணம், வெளியிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர் என்பதே. கோ. நடேசய்யர் 1920களிலிருந்தே ஏட்டிலும் மேடையிலும் தொழிலாளரின் மனக்குமுறலைச் சொல்லிவந்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை அதனைப் பாட்டாகப் பாடி மக்களிடம் கொண்டுசென்றார். இவ்வளவுக்குப் பிறகும் முதலாளிமார் திடுக்கிட்டனர். தலைகுனிவையும் மெல்லிய சிரிப்பையும் திருப்தி என்று வாசித்துப் பழகியவர்களுக்கு, கோபம் வெளியிலிருந்து வந்த பண்டமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஒப்பாரிக் கோச்சி

மலையக மக்கள் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர்கள் என்று எண்ணுபவர்கள், 1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று இரு தலைநகரங்களும் பங்கிட்டுக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகப் பிரிந்தனர். தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் செல்ல அவர்கள் ஏறிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பொன்றும் இப்பெயரைத் தாங்கி வந்துள்ளது.

ஹட்டன் நிலையத்தில் அக்காட்சியைச் சிறுவயதில் கண்ட நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வண்டி நகரத் தொடங்கியதும் பெண்கள் சன்னல் கம்பிகளைப் பற்றியபடி ஒப்பாரி வைத்து ஓடுவார்களாம். மேடையின் முடிவில் கைகளைப் பிரித்துவிட வேண்டியிருக்குமாம். துரையின் முன்னே பதில் சொல்லாமல் சிரித்த அதே பெண்கள்தான். கேட்பதற்கு உறவுகள் இருந்த இடத்தில் அவர்கள் கதறினார்கள்.

தோட்டத்தில் சாவு வீட்டுக்குச் சென்றவர்களுக்கு இது தெரியும். தப்பு முழங்கும், பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு முறைசொல்லி அழுவார்கள். இறந்தவர் தனக்கு என்ன முறை என்பதை ஒப்பாரியில் ஒவ்வொருவரும் சொல்லியே அழவேண்டும். உறவு இன்னதென்று தெரியாமல் ஒப்பாரி இல்லை. பஸ் நிலையத்தில் அந்தத் தலைவர் என்னிடம் கேட்ட கேள்வியின் ஆழம் இதை அறிந்த பிறகே எனக்கு விளங்கியது. பெற்ற பிள்ளையை அன்போடு உற்றுப் பார்த்தாலே கண்ணேறு படும் என்று அஞ்சுகின்ற பண்பாடு நம்முடையது. தமிழ்நாட்டுக் குடும்பமொன்றில் தங்கி ஆராய்ந்த மார்கரெட் டிராவிக், 1990இல் வெளியிட்ட நூலில், தமிழரிடம் அன்பு அடக்கி மறைக்கப்படுவதை ஓர் அத்தியாயம் முழுக்க விளக்கியிருக்கிறார். அன்பையே மூடிவைப்பவர்கள் துயரத்தை அந்நியனிடம் அவிழ்த்துக் காட்டுவார்களா?

நம்முடைய கண்கள்

துரைமாரைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளைத் துரைமார் போனார்கள். 1990களில் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. தேயிலைப் பெட்டியில் கூடை சுமந்த பெண் மட்டும் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் அந்தச் சிரிப்பைத் தேடி வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அவர்களில் வடக்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் தமிழரும், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் தமிழரும் உண்டு. மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மூதாதையர் நடந்த வழியில் அவர்கள் நடந்தபோது, ஏனைய தமிழரில் எத்தனை பேர் அதைத் தம் வீட்டுச் செய்தியாகப் படித்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

மொழி ஒன்றாக இருந்தால் மனம் விளங்கிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை தவறு. கொப்பியோடு லயத்துக்குள் நுழைந்தவன், தோட்டத்து மக்களின் கண்ணுக்குக் கணக்கப்பிள்ளையின் வரிசையில் நிற்பவன். பெயரைக் குறிப்பவன், பெயரை வெட்டுபவன். அவனுக்குக் காட்டவேண்டிய முகத்தையே பாட்டி எனக்கும் காட்டினார். அவர் என்னைச் சரியாகப் படித்தார். நான்தான் அவரைத் தவறாகப் படித்தேன்.

மெய்ப்பாட்டியலின் முடிவில் ஆசிரியர் ஒரு நிபந்தனை வைக்கிறார். கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லவர்க்கே மெய்ப்பாடுகளின் பொருள் புலப்படும் என்பது அதன் கருத்து. கண்ணை மட்டும் அவர் சொல்லவில்லை. அன்று அந்தக் காம்பராவில் பாட்டி பேசும்போது இடையிடையே நிறுத்தி, இடிந்த சுவர்ப்பக்கம் திரும்பாமலே, "மழை விட்டிருச்சா?" என்று இரண்டு முறை கேட்டது நினைவிருக்கிறது. ஞாபகத்தை நம்பவேண்டாம் என்று டார்வின் எச்சரித்திருந்தாலும், இதை நான் நம்புகிறேன். வெளியே அப்போது மழையே இல்லை. எனக்குக் காது கேட்டது. கொப்பியில் அதை எழுதவில்லை.

பத்திரிகையில் பெயரோ எண்ணோ பிழைத்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இந்தப் பிழைக்கு எவரும் திருத்தம் போடவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டி காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. காலந்தாழ்த்தியேனும் அந்தத் திருத்தத்தை இங்கே பதிவு செய்கிறேன்:

பேரனைப் பறிகொடுத்த துயரம் அந்த மூதாட்டியின் முகத்தில் தெரியவில்லை என்று எழுதியிருந்தேன். எனக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்.